சங்கரன்கோவிலில் பத்தொன்பது சுற்று

நாற்பத்து மூன்று வயதில் முதுநிலைப் பிசியோதெரபி படிக்கப் போனால் ஊர் சிரிக்கும். சிரித்தது. மதுரையில் பதினெட்டு வருடமாகக் கிளினிக் வைத்து இடுப்பும் காலும் பார்த்தவனுக்கு இனி யார் என்ன சொல்லித்தரப்போகிறார்கள் என்ற திமிர் எனக்கும் கொஞ்சம் உண்டு. கடைசி வருடத்தில் இடுப்பு, கால் கோளாறுகளுக்காக மூன்று நாள் களப்பயிற்சி, கூடவே ஊர்மக்களுக்கு இலவச முகாம். இடம் சங்கரன்கோவில், நேரம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தைய வாரம். இந்தக் கூட்டத்துக்குள்ளா வகுப்பு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் காலை 5.10க்குப் பேருந்து. ராஜபாளையம் வழியாக ஏறக்குறைய 120 கிலோமீட்டர், டிக்கெட் 95 ரூபாய். வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், ராஜபாளையம் தாண்டியும் மலை கூடவே வரும். 8.20க்கு இறங்கி, கோயில் பக்கத்து மண்டபத்துக்கு ஆட்டோ பிடித்தேன். 60 ரூபாய். ஓட்டியவர் பெயர் மாடசாமி.

"டாக்டரா சார் நீங்க?"

"இல்ல அண்ணாச்சி, பிசியோ. கால் வலி, இடுப்பு வலி பாப்போம்."

"அப்போ இந்த ஊர்ல ஒங்களுக்கு யாவாரம் ஆவாது," என்று சிரித்தார். "ஆடியில கால் வலிச்சா நாங்க சந்தோஷப்படுவோம்லா. எங்க கோயில் அம்மா ஒத்தக்கால்ல நின்னு தவம் இருக்கா. கோயில சுத்துனா அவ வலியில ஒரு பங்கு நமக்கு வரும். எம் பொண்டாட்டி ஐநூத்தியொரு சுத்து நேந்திருக்கா. ரெண்டு காலும் மரத்துப் போகுதுங்கா. ஏட்டி, ஒனக்கு அம்மா அள்ளிக் குடுத்துட்டான்னு சொன்னேன்."

நானும் சிரித்தேன். இரண்டு காலும் மரத்துப்போகிறது என்று ஒருவர் காதுபடச் சொல்கிறார், நான் பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. முகாமுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று பேருக்குச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பயிற்சியாளர் பானு மேடம், கடையநல்லூர்க்காரர். என்னைவிட ஆறு வயது இளையவர். நாங்கள் பன்னிரண்டு பேர் நோட்டைத் திறந்து உட்கார்ந்ததும் மூடச் சொல்லிவிட்டு, கோபுர வாசல் வரை கூடவே வந்தார். "ஒரு மணி நேரம். ஜனங்க நடக்கிறத மட்டும் பாத்துட்டு வாங்க," என்று எங்களை உள்ளே அனுப்பினார்.

அம்மாடி! பிரகாரம் முழுக்கக் கால்கள். இடுப்பில் பிள்ளையோடு சிலர், கைகூப்பியபடி சிலர், முழங்காலில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு சிலர். சில பெண்கள் முந்தானையில் புளியங்கொட்டையை முடிந்து வைத்து, ஒரு சுற்றுக்கு ஒன்றாகத் தூணடியில் போடுகிறார்கள். எண்ணிக்கை தப்பாதாம். நொண்டிக்கொண்டு போனவர்கள்தான் எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருந்தார்கள். என் கிளினிக்கில் வலியோடு சிரித்த முகம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "பாத்தியளா? இவங்ககிட்ட வலிக்குதான்னு கேட்டா ஒண்ணு மறைப்பாங்க, இல்ல பெருமையா சொல்லுவாங்க. ரெண்டும் நமக்கு ஒதவாது. வேற கேளுங்க." நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி.

பதினொன்றரைக்கு மாடசாமி மனைவியோடு வந்துவிட்டார். மாரித்தாய், வயது 46, விசைத்தறியில் வேலை. நமக்குத் தெரிந்த ஆள் என்று நானே முந்திக்கொண்டேன். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலி பத்துக்கு எவ்வளவு என்றேன். "நெறைஞ்சு கெடக்கு சார்," என்றார் சிரித்தபடி. டிஸ்க் நரம்பை அழுத்துகிறது, சுற்றுவதை நிறுத்துங்கள், ஓய்வெடுங்கள் என்று எழுத ஆரம்பித்தேன். ஆயிரம் தடவை எழுதிய சீட்டு.

மேடம் வந்து, எழுந்து உட்கார்ந்திருந்த மாரித்தாய் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "மதினி, ஒண்ணுக்கு எப்ப போனிய?"

"நேத்து சாயங்காலம். தண்ணி குடிச்சா சுத்துக்கு நடுவுல போணும்லா, அதான் குடிக்கல."

"பெஞ்சில உக்காந்திருக்கியளே, பெஞ்சு தெரியுதா?"

மாரித்தாய் யோசித்தார். "தெரியலம்மா. ரெண்டு நாளா தலாணி மேல உக்காந்த மாதிரி மெத்துனு இருக்கு."

என் பேனா நின்றது. மேடம் அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உட்காரும் இடத்தில் பஞ்சு பட்டால் தெரியவில்லை, அடிவயிற்றில் மூத்திரப்பை புடைத்து நிற்கிறது. முதுகுத்தண்டின் கடைசியில் இருக்கும் நரம்புக்கொத்து மொத்தமாக நசுங்குகிறது என்று அர்த்தம். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விளங்காமல் போகலாம், ஆயுசுக்கும் சிறுநீர் டியூபில்தான் என்றாகலாம். இரண்டே கேள்வி! எனக்குப் புல்லரித்தது, அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. மாரித்தாய் எழுந்து நின்று, வர மாட்டேன் என்றார். "இன்னும் பத்தொம்பது சுத்துதான். முடிச்சிட்டு வாரேன்."

"ஏட்டி, சொன்னா கேளு," மாடசாமி அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

மேடம் எல்லாவற்றையும் மறைக்காமல் விளக்கினார். மாரித்தாய் அசையவில்லை. "பாதியில விட்டா அம்மா வலிய நடுரோட்டுல போட்டுட்டு வந்த மாதிரில்லா."

கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவலாக வெளியே நிற்கிற ஆள் நான். எப்படித்தான் வாயில் வந்ததோ, "அம்மா வலியில நீங்க பங்கு வாங்கலாம்னா, உங்க சுத்துல நான் பங்கு வாங்கக் கூடாதா?" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நடுவுல உக்காரப்படாது."

"உக்கார மாட்டேன்."

முந்தானையை அவிழ்த்துப் பத்தொன்பது புளியங்கொட்டையையும் ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். 12.10க்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு 56 கிலோமீட்டர். மேடமும் ஏறிக்கொண்டார்.

மாலை நான்குக்குத் தொடங்கினேன். ஏழாவது சுற்றில் என் வலது முழங்கால் முறையிட ஆரம்பித்தது. பன்னிரண்டில் குதிகால். பின்னால் வந்த ஒரு அக்கா, "மெல்லப் போங்க அண்ணாச்சி, அம்மா ஓடியா போயிருவா," என்றார். பதினைந்துக்கு மேல் வலி தெரிந்தது, ஆனால் அதை எதிர்த்து எதுவும் செய்யத் தோன்றவில்லை. இத்தனை வருடம் வலியை விரட்டி மட்டுமே பழகியவனுக்கு அது புதுசு. 6.15க்குக் கடைசிக் கொட்டையைத் தூணடியில் போட்டேன். கண் கலங்கியிருந்தது, வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் போகிறவர்கள் அறையை முன்னாலேயே பேசிவிடுங்கள். இந்த ஊரின் பேர்போன பிரியாணியைச் சுற்று முடித்துவிட்டு மறுநாள் சாப்பிடுங்கள். புளியங்குடி எலுமிச்சை ஜூஸ் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, குடியுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரண்டு காலும் மரத்தால், உட்காரும் இடம் உணர்வற்றுப் போனால், சிறுநீர் நின்றால், நேர்த்திக்கடனானாலும் சரி, வேலையானாலும் சரி, அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மிச்சச் சுற்றுக்கு ஆள் கிடைக்கும்.

மறுநாள் காலை மாடசாமி போன் செய்தார். "ஆபரேஷன் நேத்தே முடிஞ்சிட்டு சார். கால் வெரல அசைக்கா. மத்தது போகப் போகத்தான் தெரியும்னு சொல்லுதாங்க. இந்தாங்க, அவ ஏதோ கேக்கணுமாம்."

"சார், பத்தொம்பதும் சுத்துனியளா?" குரல் மெலிந்திருந்தது.

"சுத்திட்டேம்மா."

"காலு வலிச்சுதா?"

"நல்லா வலிச்சுது. இன்னைக்கும் நொண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."



"அப்ப சுத்தெல்லாம் அம்மாகிட்ட போய்ச் சேந்துட்டு," என்றார் மாரித்தாய்.