கடுகு தைத்த கைப்பட்டை

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்களே என்று, தாய்க்காரி பிள்ளையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு மேல்வாயில் பிளவு. குடித்த பாலில் பாதி மூக்கு வழியாக வந்துவிடும். துடைப்பத்தோடு வந்த வார்டு ஆயா ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். ஈரத்துணி ஒன்றை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஆயாவுக்கு வார்டில் கடுகு என்று பெயர். சூடு பட்டால் போதும், வெடிப்பாள். வீட்டில் யாருமில்லை. சாமி கும்பிடுவதும் வார்டில்தான், சண்டை போடுவதும் வார்டில்தான்.

ஆபரேஷனுக்கென்று வந்து மூன்று தடவை திரும்பினாள் தாய்க்காரி. ஒருமுறை சளி, ஒருமுறை காய்ச்சல், மறுபடியும் சளி. சளி இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்களாம். அதற்குள் பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டாலும் மூக்கால் ‘அம்மா’ என்றே வந்தது.

“எம்புள்ளைக்கு மட்டும் ஏன் ஆயாம்மா இப்படி?”

“ஏன்னு கேட்டா மூக்கு ஒழுகறது நின்னுடுமா? காஞ்ச மூக்கோட கூட்டிட்டு வா, போ.”

ஆண்டவன் புண்ணியத்தில் நாலாவது தடவை பிளவைத் தைத்து மூடினார்கள். பிள்ளை வாயில் விரல் போட்டால் தையல் பிரிந்துவிடும். அதற்காகக் கடுகு பழைய விரிப்பைக் கிழித்து, உள்ளே தட்டை மரக்குச்சிகள் வைத்து, முழங்கை மடங்காதபடி கைப்பட்டை தைத்துக் கட்டினாள்.

“டாக்டர் சொல்ற வரைக்கும் அவுக்காதே. அழுதா அழட்டும்.”

வீட்டில் பிள்ளை விறைத்த கைகளை நீட்டிக்கொண்டு நாளெல்லாம் கத்தியது. பெற்ற வயிறு கேட்குமா? ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டு, பால் ஆற்றப் போனாள். திரும்பி வருவதற்குள் கட்டைவிரல் வாய்க்குள் இருந்தது. நிம்மதியாகத் தூங்கியது பிள்ளை. விரலெல்லாம் ரத்தம்.

மேல்வாயில் ஓட்டை விழுந்துவிட்டது, புண் ஆறி மறுபடி தைக்க ஒரு வருஷமாவது ஆகும் என்றார் டாக்டர். கடுகு வெடித்தாள்.

“ஒரு கைதான் ஆயாம்மா அவுத்தேன்.”

“ஒரு கைக்கு அஞ்சு வெரல் இருக்குடி! பாவம் பாத்தாளாம், பாவம்! இப்ப யாருக்குடி பாவம்?”

தாய்க்காரி யாரைக் கோபித்துக்கொள்வது? தன் கையைத்தான் வெறித்துப் பார்த்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போது கடுகு வாசல்வரை வந்தாள். அந்த மாதத்தோடு அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு. புதிதாகத் தைத்த இரண்டு கைப்பட்டைகளைத் தாயின் பைக்குள் திணித்தாள்.

“அடுத்த வருஷம் புள்ளை வளந்திருக்கும், பெரிசாவே தைச்சிருக்கேன். அப்ப திட்டறதுக்கு நான் இருக்க மாட்டேன். அது அழுதா நீயும் பக்கத்துல உக்காந்து அழு. முடிச்சுல மட்டும் கை வைக்காதே.”