முதல் பிடிக் கொழுந்து

இலங்கை மலையகத்தில் நோர்வூட் தாண்டி நான் வந்த பஸ் நின்றபோது, மேலே தேயிலை மலையில் பெண்கள் "பொலியோ பொலி" என்று கூவினார்கள். காலையில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது, விளைச்சல் பெருக வேண்டி அப்படிக் கூவுவது தோட்டத்து வழக்கம்.

அந்த மலையில் கொழுந்து பறித்த என் அம்மா மட்டும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார். மண்சரிவில் அப்பா இறந்த வருஷம் அவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் வேறு வேதக்காரர் இல்லை. பள்ளி விடுமுறையில் நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோவேன். அவர் இடுப்பில் கட்டிய ஈரச்சாக்கில் பச்சைக் கொழுந்து மணக்கும்.

ஒரு வாரம் கொழுந்து குறைந்தது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி அம்மாவிடம் வந்தார்.

"ஒன் வாயாலதான் மலை காயுது. நாளைக்குப் பொலி சொல்லு. இல்லாட்டி தனியா புல்லு வெட்டப் போ."

"கொழுந்தக் குடுக்குறவருகிட்டதானுங்க கேக்குறேன்," என்றார் அம்மா.

மறுநாள் முதல் பிடியைக் கிள்ளிய அவர் அதைக் கூடையில் போடாமல் கங்காணியைப் பார்த்தார். பக்கத்து நிரை மாரியாயி அக்காவும் தன் கொழுந்தைக் கூடையில் போடாமல் நின்றார்.

"என்னா பாக்குற? ஒன் சாமிய மொதல்ல கூப்புடு புள்ள. அப்பறம் நாங்க எங்க சாமியக் கூப்புடுறோம். ரெண்டு பேரு பாத்தா கொழுந்து கொறஞ்சா போயிரும்?"

நிரை முழுவதும் சிரித்தது. அம்மா ஸ்தோத்திரம் சொன்னார். பிறகுதான் மற்றவர்கள் கூவினார்கள்.

"சரி சரி, கொழுந்த எடுங்க," என்று கங்காணி குடையை விரித்தார்.

அன்றிலிருந்து, அம்மா இருந்தவரை, அந்த மலையில் அதுவே வரிசை.

பஸ் நகர்ந்தது. "ஸ்தோத்திரம்" என்றேன். அம்மாவாக இருந்தால் அவர்கள் கூவுமுன்னே முந்தியிருப்பார்.