மழைக்கு இங்கிலீஷ்

கல்கத்தாவிலிருந்து வந்த அந்தத் தபால் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மாதம் புரட்டாசி என்பது தெரிகிறது. ஆண்டின் மேல் தபால் முத்திரை விழுந்துவிட்டது. நயா பைசாவில் விலை அச்சிட்ட கார்டு என்பதால் 1957-க்கு முந்தியதாக இருக்க முடியாது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு என்பதை வைத்து 1961 என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். எழுதியவர், என் அத்தையைப் பெண் கேட்ட வீட்டுப் பெரியவர். அவர்களுக்கு அங்கே தீப்பெட்டி வியாபாரம். பெண்ணுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வந்தால் தையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சிவகாசியை விட்டு அவள் போயிருந்த அதிக தூரம் இருக்கன்குடிக் கோயில். அப்பாவோ அன்று மாலையே ஆங்கிலம் பேசப் பழகும் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து சட்டம் போட்டார்: மதியச் சாப்பாட்டிலிருந்து காப்பி வரை வீட்டில் யாரும் தமிழ் பேசக் கூடாது.

அம்மா அடுக்களைக்குள் ஒதுங்கிவிட்டாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தாகமெடுத்தால் “வாட்டர் பிளீஸ்” இருந்தது. கால் மரத்துப்போனால் சொல்வதற்குப் புத்தகத்தில் எதுவுமில்லை.

அத்தையும் நிலைகொள்ளாமல்தான் இருந்தாள். காலையில் என்னிடம் பாடம் ஒப்பிக்கும்போதே கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பாள்.

“ஏட்டி, கல்கத்தா எம்புட்டு தூரம் இருக்கும்?”

“ரெண்டு நாளைக்கு மேல ரயில்லயே போகணுமாம் அத்தே.”

“அம்புட்டு தூரமா! அழுதா இங்கன கேக்கவா போகுது? அவுகளுக்கு இங்கிலீசுதான் வேணும்னா அந்த ஊர்லயே ஒருத்தியப் பாத்துக்கிட வேண்டியதுதான?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணங்கிட்ட இத யாரு சொல்ல?” என்றாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மறுநாள் லோடு ஏற வேண்டிய தீப்பெட்டிக் கூடுகள், ஒட்டிய பசை காய்வதற்காக மொட்டை மாடி முழுக்கப் பரப்பிக் கிடந்தன. கூடு ஒட்டிக்கொடுக்கும் அப்பாவுக்கு அது பெரிய ஆர்டர். அன்று காலைப் பாடம் வெயிலும் மழையும். “இட் இஸ் ரெயினிங்” என்று அத்தை ராகம் போட்டுத் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள்.

மதியம் அவள் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி. அப்பா உள்ளறையில் கண்ணயர்ந்திருந்தார். அறை மெல்ல இருண்டது. மண்வாசனை வந்து நான் திரும்பியபோது பெரிய பெரிய துளிகள் விழுந்துகொண்டிருந்தன. அத்தை புத்தகத்தில் தலை கவிழ்ந்திருந்தாள். அடுக்களையிலிருந்து அம்மாதான் சட்டத்தை மீறினாள்.

“ஐயோ, கூடெல்லாம் நனையுதே!”

எல்லோரும் மாடிக்கு ஓடினோம். பாதியைத்தான் அள்ள முடிந்தது. மீதி பசைவிட்டுப் பிரிந்து சொதசொதவென்று கிடந்தது. நனைந்த வேட்டியோடு அப்பா கத்தினார்.

“ஜன்னலுக்கு நேராத்தான உக்காந்திருந்த? மழை வருதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?”

“தமிழ் பேசக் கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீக. மழைக்கு இங்கிலீசு எனக்கு வரலையே.”

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “இம்புட்டு நாள் படிச்சும் மழைக்கு இங்கிலீசு தெரியல! இவளக் கல்கத்தாவுக்கு அனுப்புனா என் மானந்தான் போகும்.”

காலையில் சொன்னாளே என்று நான் வாயெடுத்தேன். என் கால் பெருவிரல்மேல் அத்தையின் குதிகால் அழுத்தமாக விழுந்தது. அவசரத்தில் தெரியாமல் மிதித்துவிட்டாள் என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்டேன். வலியில் சொல்லவந்தது மறந்துபோயிற்று.

அந்த வாரமே கல்கத்தாவுக்கு மறுப்பு எழுதப்பட்டது. பின்னால் அத்தையைப் பக்கத்திலேயே வெம்பக்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள்.

மேகம் அன்று மேற்கிலிருந்து வந்தது; இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஜன்னல் மேற்கே பார்த்தது என்பது என் நினைவு. தெற்கே என்கிறாள் அம்மா. வீட்டை இடித்தாகிவிட்டது. அத்தையைக் கேட்டால், கொளுத்தும் வெயிலில் “இட் இஸ் ரெயினிங்” என்று ராகம் போடுகிறாள். எனவே மேகத்தை அவள் முன்கூட்டியே பார்த்தாளா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.