கணவரின் போனில் வந்த அழைப்பு

பஸ் டெப்போவில் எல்லோருக்கும் அவள் டூட்டி அக்கா. எந்த ஓட்டுநர், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று தினமும் சார்ட் போடுகிறவள். பதினாலு வருஷமாக அதே மேசை. யாராவது திடீரென்று லீவு சொன்னால் மேலாளர் அவளைக் கூப்பிடுவார். அவள் வேறொரு ஓட்டுநரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு நேரம் காலம் கிடையாது. குளிக்கப் போனால் போனும் கூடவே போகும். தம்பியின் கல்யாண ஆல்பத்தில் முக்கால்வாசிப் படங்களில் அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் போன் அடித்தால் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். எட்டாவது படிக்கும் மகள் சொல்ல வந்ததைப் பாதியிலேயே விழுங்கிவிடுவாள். யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவளுக்கு அதுதான் உறுத்தியது.

ஒரு திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வேலை நேரம் முடிந்தபின் எந்த ஊழியரின் போனுக்கும் அழைப்போ செய்தியோ போகக்கூடாது. மீறினால் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். மேலாளர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அன்று சாயங்காலம் அவளுடைய போன் வாயே திறக்கவில்லை. அவளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று நாலு தடவை எடுத்துப் பார்த்தாள். ஒரு வாரம் போனபிறகுதான் மகளோடு உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம், ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு, கணவரின் போன் அடித்தது. எடுத்தவர் முகம் மாறி அதை அவளிடம் நீட்டினார்.

மேலாளர்தான். “ஒண்ணுமில்லம்மா, காலைல முதல் வண்டிக்கு ஆள் இல்ல. கொஞ்சம் பாருங்க.”

“சார், சுற்றறிக்கைல கையெழுத்து வாங்கினீங்களே.”

“உங்க போனுக்கு நான் கூப்பிடலையேம்மா. வீட்டுக்காரர்கிட்டதானே பேசுறேன்.”

அவர் குரலில் கிண்டல் இல்லை. சட்டப்படி நடந்துகொண்ட திருப்தி இருந்தது. வண்டி நின்றால் காலையில் ஐம்பது பேர் நிறுத்தத்தில் நிற்பார்கள் என்பது அவளுக்கும் தெரியும். தன் போனில் ஓட்டுநர் ஒருவருடைய எண்ணைத் தேடி எடுத்தவள், ஒரு நொடி தயங்கிவிட்டு, அவர் மனைவியின் எண்ணை அழுத்தினாள்.

“அவர் இல்லன்னு சொல்லச் சொல்றார் அக்கா,” என்றாள் அந்தப் பெண். “பக்கத்துலதான் இருக்கார். எனக்குப் பொய் வரமாட்டேங்குது.”

கடைசியில் அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். கணவரின் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். மேலாளர் தனக்குச் செய்ததையே தான் இன்னொரு வீட்டுக்குச் செய்துவிட்டோம் என்பது சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

நாலே நாளில் விளக்கம் கேட்டு அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. அந்த ஓட்டுநர் தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதியிருந்தார். மதியம் அவரே அவள் மேசைக்கு வந்து நின்றார்.

“உங்களைக் குறிவச்சு எழுதல அக்கா. ஆபீஸ் மேலதான் எழுதினேன். சுத்தி வளைச்சு உங்க தலைல வந்து விழுந்துடுச்சு.”

“எழுதினது சரிதான். நான் இத்தனை வருஷம் எழுதாம இருந்ததுதான் தப்பு.”

தவறுதலாகக் கூப்பிட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், விஷயத்தை அத்தோடு முடித்துவிடலாம் என்றார் மேலாளர். அவள் வீட்டுக்குப் போய் யோசித்தாள். கணவர் தன் போனில் வந்த அழைப்பின் தேதியையும் நேரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி மேசைமேல் வைத்தார். “நீ எழுதினாலும் சரி, எழுதாட்டியும் சரி. ஆனா அந்தப் போன் என்னோடது,” என்றார்.

அவள் நடந்ததை நடந்தபடி எழுதினாள். தன் தப்பை முதலில் எழுதினாள். மேலாளரின் அழைப்பை அடுத்து எழுதினாள்.

மேலாளர் கோபப்படவில்லை. தலைமை அலுவலகம் அவரையும் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் புது உத்தரவு வந்தது: மறுநாள் சார்ட் முழுசாக முடியும்வரை சார்ட் போடுகிறவர் டூட்டி அறையிலேயே இருக்க வேண்டும், இரவு எட்டு மணிவரை. காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக வரலாம். அப்போது கணவர் கடையிலும் மகள் பள்ளிக்கூடத்திலும் இருப்பார்கள்.

“இனிமே வீட்டுக்கு ஒரு போன் வராதும்மா. நீங்க கேட்டதுதானே,” என்றார் மேலாளர்.

தான் கேட்டது இதுவல்ல என்று எப்படிச் சொல்வது? காகிதத்தில் எல்லாமே சரியாக இருந்தது.

அந்த ஓட்டுநர் மட்டும் ஒரு காரியம் செய்தார். வாரத்துக்கு இருவர் முறை வைத்துக்கொண்டு, யார் லீவு போட்டாலும் நாங்களே வருகிறோம் என்று பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். அவள் அதை மேலாளரிடம் கொடுத்தாள். பரிசீலிக்கலாம் என்று அவர் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி ஏழேகாலுக்கு டூட்டி அறையின் பழைய போன் அடித்தது. மகள்.

“அம்மா, அரிசி களைஞ்சு வச்சுட்டேன். தண்ணி எவ்வளவு ஊத்தணும்?”

கவுண்டரில் மூன்று ஓட்டுநர்கள் காத்திருந்தார்கள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “ஒண்ணுக்கு ரெண்டரை,” என்றாள். “அப்புறம் வேற என்ன, சொல்லு.”

மகள் சொல்லத் தொடங்கினாள். ஓட்டுநர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அமைதியாக நின்றார்கள்.