பாபநாசம் படித்துறையில் ஒரு கால்

பாபநாசம் படித்துறையில் வெயில் ஏறுகிறது. ராணுவப் பல்கலைக்கழகத்தில் நான் பனியில் மரத்துப்போகும் கால்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். நான் பார்க்க வந்த முன்னாள் சிப்பாய் தாமிரபரணிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். பனிமலைக் காவலில் இடது கால் விரல்களை இழந்தவர். பொரியை வீசுகிறார், மீன்கள் அந்தக் காலை மொய்க்கின்றன.

"மீன் கடிக்கிறது தெரியுதா, அண்ணாச்சி?"

"கண்ணுக்குத் தெரியுது." பரிசோதிக்க வேண்டும் என்று நான் கேட்டும் காலை மட்டும் வெளியே எடுக்க மாட்டேன் என்கிறார். "ஒம்ம ஆராய்ச்சி முடிஞ்சா இதுக்கு உணர்ச்சி வருமா வே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வராது அண்ணாச்சி. இனிமே அங்க போறவங்க காலு தப்பலாம்."

கையிலுள்ள பொரியை எல்லாம் மீன்களுக்கு வீசித் தீர்க்கிறார். பிறகு ஈரக் காலைப் பையத் தூக்கி, என் முன்னால் படியில் வைக்கிறார்.

"நல்லாப் பாத்துக்கிடும் வே. எம் மவன் இப்போ அங்கனதான் நிக்கான்."