கோழி தின்ற கோடு

எங்கள் வீட்டில் கபடி என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. டி.வி.யில் கபடி வந்தால் அம்மா பேசாமல் ரிமோட்டை எடுத்து வேறு சேனலுக்கு மாற்றிவிடுவாள். அப்பா அதைக் கவனிக்காததுபோலக் கவனிப்பார். தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடையில் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே நாள் பூராவும் சீட்டியடிக்கிற மனிதர், கபடி என்றால் மட்டும் வாயடைத்துப்போவார்.

காரணம் எனக்கும் ஓரளவு தெரியும். எங்கள் பூர்வீகம் வாசுதேவநல்லூர் பக்கம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு அங்கே வருஷா வருஷம் கபடி நடக்கும். அப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம் கடைசி ஆட்டம் எங்கள் ஊருக்கும் அம்மாவின் ஊருக்கும் விழுந்தது. பெரியப்பாதான் எங்கள் அணிக்குக் கேப்டன். பாதி ஆட்டத்தில் சாரல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடுகள் கரைந்துபோக, நடுக்கோட்டை மறுபடியும் போட்டார்கள். பழைய கோடும் முழுசாக அழியாமல் கிடந்தது. கடைசியில் பாடிப்போன அப்பா எதிராளிகள் ரெண்டு பேரைத் தொட்டுவிட்டார். மேலே விழுந்து அமுக்கியவர்களையும் இழுத்துக்கொண்டே திரும்பி வந்து, கண்ணில் பட்ட வெள்ளையில் கையை வைத்து மூச்சை விட்டார். அது பழைய கோடு. புதுக்கோடு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஆட்டம் போய்விட்டது.

ஊர் சும்மா இருக்குமா? பொண்ணெடுக்கிற ஊருக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவன் என்று பேர் கட்டிவிட்டது. பெரியப்பா அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினார். கல்யாணத்துக்கு வந்து பந்தியில் நின்று எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாராம், மாப்பிள்ளையிடம் மட்டும் பேசவில்லை. நான் பிறந்து வளர்ந்த பிறகும் அப்படித்தான். அப்பா பக்கத்திலேயே நின்றாலும் என்னைக் கூப்பிட்டு, “ஒங்கப்பன்ட்ட சொல்லு” என்று ஆரம்பிப்பார். நான் திரும்பி அப்பாவிடம் அதையே சொல்ல வேண்டும். கிறுக்குக் குடும்பம் என்று எனக்கு அப்போதே எரிச்சலாக வரும்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது அந்தப் படம் வந்தது. போஸ்டரில் ஒரு பஸ்ஸும் கூரை நிறையக் கோழிகளும்தான் இருந்தன. உள்ளே கபடி இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சிரிப்புப் படம் என்று மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம்.

படம் பூராவும் வேண்டுமென்றே செய்த கோமாளித்தனம். நாயகன் ஒரு பஸ் கண்டக்டர். பாடிப்போகும்போது ‘கபடி கபடி’ என்பது அவன் வாயில் வராது. தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு என்று ஸ்டாப்பிங் பெயர்கள்தான் வரும். எதிரணியில் பெரியகுளத்துக்காரன் ஒருவன் தன் ஊர் பெயரைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு களத்தைவிட்டு இறங்கிப் போய்விடுவான். இதைப் பார்த்து ஒரு பெரிய மனுஷன் சிரிப்பானா? தியேட்டரே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரையில் கபடி என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. சுண்ணாம்பு தீர்ந்துபோனதால் நடுவர் வீட்டு அரிசி மாவில் கோடு போட்டிருப்பார்கள். கண்டக்டர் எதிராளிகளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஊர்க் கோழிகளெல்லாம் வந்து நடுக்கோட்டைக் கொத்தித் தின்றுவிடும். கோடு இல்லாத இடத்தில் அவன் எங்கே நிறுத்துவான்? ஸ்டாப்பிங் பெயர்களைச் சொல்லிக்கொண்டே களத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்கே ஓடி, நிற்கிற பஸ்ஸில் ஏறிப் போய்விடுவான்.

அம்மா எழுந்து, “போவோம் வாங்க” என்றாள். அப்பா எழுந்திருக்கவில்லை. பிறகு அவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தண்ணீர் இறங்கிய மோட்டார் இரைகிற மாதிரி இருந்தது. அது சிரிப்பு என்று புரியவே எனக்கு நேரமாயிற்று. முன் சீட்டைப் படபடவென்று தட்டினார். “நிக்காதலே, ஓடு” என்று திரையைப் பார்த்துக் கத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, மூக்கிலிருந்தும் வடிந்தது, துடைக்கவில்லை. அவர் தட்டிய முன் சீட்டில் என் வகுப்புக்காரி தன் குடும்பத்தோடு இருந்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள், அடுத்து என்னைப் பார்த்தாள். நான் குனிந்து இல்லாத செருப்பைத் தேடினேன்.

மறுநாள் வகுப்பில் எனக்குக் கோழி என்று பேர் வந்துவிட்டது. அப்பாவுக்கு அது போதவில்லை. அந்தப் படம் ஓடிய வரைக்கும் யாராவது ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். பால்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர், காயில் கட்ட வந்தவர்கள் என்று ஒருத்தரையும் விடாமல் கோழிக் கதையைச் சொன்னார். என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் எனக்கு வயிற்று வலி வந்தது. இந்த மனுஷனுக்கு வெட்கமே கிடையாதா என்று நினைத்து நினைத்துக் கூசிப்போனேன். தோற்றுப்போன ஆள், அதையே நினைவுபடுத்துகிற படத்தைப் பார்த்து இப்படியா சிரிப்பது?

இப்போது போனில் அதே படத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் அறுவை. ஆனால் தோற்றவனைப் பார்த்து ஏன் தோற்றாய் என்று அதில் ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. கோழி தின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்த இடம் வரும்போது எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, அழுகையும் கூடவே வருகிறது.

படம் வந்த அந்த வருஷச் சீசனுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்துக் குற்றாலம் வந்தார்கள். பெரியப்பாவும் வந்திருந்தார். ஐந்தருவியில் நானும் அம்மாவும் குளித்துவிட்டு வெளியே வந்தோம். பெரியப்பா எனக்கு நேந்திரங்காய் சிப்ஸ் பெரிய பொட்டலமாக வாங்கிக் கொடுத்துவிட்டு, வேன் பக்கம் தனியாகப் போய் உட்கார்ந்தார். அப்பா உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, துண்டைக் கட்டிக்கொண்டு அருவிக்குக் கிளம்பியவர், பெரியப்பாவைப் பார்த்து நின்றுவிட்டார். நேராக என்னிடம் வந்து பொட்டலத்தைப் பிடுங்கினார்.

“ஏட்டி, இங்கன வா. நீதான் கோழி” என்றார்.

நான் வரவில்லை என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். அப்பா விடுவாரா? பெரியப்பாவின் காலடியில் என் சிப்ஸை ஒவ்வொன்றாக வரிசை வைத்துக் கோடு போட்டார். துண்டை இறுக்கிக்கொண்டு, தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி என்று பாட ஆரம்பித்துவிட்டார். கோழிக்கு ஆளில்லாத குறையைக் குரங்குகள் தீர்த்துவைத்தன. மரத்திலிருந்து இறங்கி அந்தக் கோட்டை ஒன்று விடாமல் எடுத்துத் தின்றன. அப்பா திரும்பி வந்து கோட்டைத் தேடினார். எண்ணெய்க் கால் வழுக்கி விழுந்தார், எழுந்தார், வாசுதேவநல்லூர் என்று கூவிக்கொண்டே மறுபடியும் விழுந்தார். குளிக்க வந்த கூட்டம் முழுக்கச் சுற்றி நின்று சிரித்தது. சிலர் போனில் படம் பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் கணக்கு டீச்சரும் நின்றார்கள். அப்படியே அருவிக்குள் போய்க் காணாமல் போய்விட மாட்டோமா என்று எனக்கு இருந்தது.

பெரியப்பா சிரிக்கவில்லை. அப்பா தரையில் கிடந்தபடியே கையை நீட்டி, மூச்சிரைக்க, “கோடு இல்லண்ணே. நான் என்ன செய்ய” என்றார்.

பெரியப்பா எழுந்து வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. அப்பாவைப் பார்த்தே, “எந்திலே” என்றார். அப்பா எழுந்து நின்றதும், “அன்னைக்குக் கோட்டத் தள்ளிப் போட்டது நாந்தாம்லே. சாரல்ல அவசரத்துல பழச அழிக்காம விட்டுட்டேன். ஊரு ஒன்னயச் சொல்லுதப்ப வாயத் தொறக்காம இருந்துட்டேன். அதுக்கப்பொறம் ஒன் மூஞ்சியப் பாத்துப் பேச முடியல” என்றார்.

“தெரியும்ணே. நீ கோடு போட்டத நான் பாத்துட்டுத்தான நின்னேன்” என்றார் அப்பா.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அப்பாவையே வெறித்துப் பார்த்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி என்று நினைக்கிறேன். அப்பா ஒன்றுமே நடக்காததுபோல துண்டை உதறிக் கட்டிக்கொண்டு அருவிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்கு ஒரு கோட்டை யார் போட்டால் என்ன என்றுதான் இருந்தது. அப்பா குரங்குகளோடு ஆடியதில் என்னைப் போலவே பெரியப்பாவுக்கும் மானம் போய்விட்டது, அதனால்தான் தலை நிமிராமல் இருக்கிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. வேனில் ஏறி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அப்பா எப்பவுமே இப்படித்தான் பெரியப்பா. வெக்கமே கெடையாது” என்று ஆறுதல் சொன்னேன்.

“அவன் எதுக்குட்டி வெக்கப்படணும்” என்றார் பெரியப்பா.

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.