பந்துக்கு முதுகு காட்டியவர்

எந்தக் காப்பிக்கடைக்குள் நுழைந்தாலும் சவீனோ லமாக்கியா முதலில் தேடுவது டிவி எந்தச் சுவரில் இருக்கிறது என்பதைத்தான். கண்டுபிடித்ததும் அதற்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். பிறகு கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் கல்லாவுக்குப் பின்னால் போய், காப்பி இயந்திரத்தின் வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். "வாஷர் போச்சுப்பா. இன்னும் ரெண்டு வாரம் ஓடும், அப்புறம் மூஞ்சியில பீச்சும்." காப்பி இயந்திரம் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. புத்தகம் விற்க வந்த இடத்திலும் கை சும்மா இருக்காது.

கடலோர ஊரான கலவேர்தேயில் அவரைத் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். கால்பந்து மைதானத்தின் வடக்குப் படிக்கட்டுகளுக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பி வேலி உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் ஏறி, ஒரு காலை வேலிக்குள் வளைத்து மாட்டிக்கொண்டு, மெகாபோனும் கையுமாக இரண்டாயிரம் பேரைப் பாட வைப்பார். பாட வைக்க வேண்டுமென்றால் பாடுகிறவர்களைப் பார்க்க வேண்டும். அவர்களைப் பார்த்தால் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. இருபத்தேழு வருஷமாகக் கலவேர்தே அணி போட்ட கோல்களில் ஒன்றைக்கூட இந்த மனிதர் கண்ணால் பார்த்ததில்லை. சத்தியமாக!

"ராத்திரி டிவியில் காட்டுவார்களே, அதையாவது பார்க்கக்கூடாதா?" என்று கேட்டால் முகம் சுளிப்பார். "ஆறின காப்பியை எவனாவது குடிப்பானா?"

ஆனால் கோல் விழும் நேரத்தில் ஊர் முகம் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்க வேண்டும். கார்னர் என்றதும் பல்செட்டைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் பத்திரப்படுத்தும் நோட்டரி. அப்பன் வீட்டுக்காகப் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி: கோல் விழுந்தால் கட்டிப் பிடித்துக் குதிப்பார்கள், சத்தம் அடங்கியதும் சட்டையை உதறிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்பார்கள். "கோல் நம்மதா, அவனுங்களுதான்னு பந்தைப் பார்த்துத்தான் தெரியணுமா? நோட்டரி வாயைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்."

திங்கட்கிழமை காலையில் தொண்டை கட்டிப்போய் மிம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போய் நிற்பார். மிம்மா அவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். மிட்டாய் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, கீச்சுக் குரலில், எவன் அழுதான், எவன் மாரடைப்பு வந்தவன் மாதிரி உட்கார்ந்தான் என்று சொல்லித் தீர்ப்பார். மிம்மா மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். மூன்று வருஷத்தில் அது 'தொண்ணூறு நிமிட முகங்கள்' என்ற புத்தகமாகிவிட்டது. சவீனோவின் மனைவிக்கு அண்ணன் ருஜ்ஜேரோ, தன் ரொட்டி வேனைக் கொடுத்து, தானே ஓட்டுநராகவும் ஆகிவிட்டார். மைதானத்து ஒலிபெருக்கியில் ஆட்டக்காரர் பெயர்களை அறிவிப்பவர் அவர்தான். வேனுக்குள்ளேயும் "அடுத்த நிறுத்தம்ம்ம்..." என்று இழுத்துத்தான் பேசுவார்.

புத்தகம் விற்கப் பதினான்கு ஊர்கள். வேன் முழுக்கப் புத்தகமும் ரொட்டி வாசனையும். ஒரு துறைமுக ஊரில் எதிரணி ரசிகர்கள் கலாட்டா பண்ணுவதற்கென்றே கூட்டமாக வந்தார்கள். சவீனோ இரண்டு முகங்களைப் பற்றித்தான் சொல்லியிருப்பார், முன்வரிசைத் தடியன் எழுந்து, "எங்க ஊர்ல ஒரு ஆளு இருக்கான், பெனால்ட்டின்னா பொண்டாட்டி காதைப் பொத்துவான், தன் காதை இல்ல!" என்று ஆரம்பித்தான். அப்புறம் ஒருவரையொருவர் பேச விடாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மிம்மாவுக்கு எழுதி மாளவில்லை. திரும்பும் வழியில் மூவரும் வேனுக்குள் சிரித்த சிரிப்பில் ருஜ்ஜேரோ திரும்ப வேண்டிய இடத்தை இரண்டு முறை விட்டுவிட்டார்.

சவீனோவிடம் ஒரு வியாதி உண்டு. ஜெயிப்போம் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, கண் பட்டுவிடும் என்று இரும்பைத் தேடித் தொடுவார். "வாயைக் கழுவு! முதல்ல வாயைக் கழுவு!" ஆட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால் இருபத்தேழு வருஷமாக ஒரே பதில்தான். "நாலு கோல் வாங்கிட்டு வருவோம்." அதை மலர்ந்த முகத்தோடு சொல்வார். ஊரில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு, மறைப்பானேன். ஆனால் அவருக்கு முற்றிப்போய்விட்டது.

அந்த வியாதிதான் குடியைக் கெடுத்தது. ஜனவரியில் மிம்மா நாள்காட்டியை விரித்துவைத்துக்கொண்டு எந்த ஊர் என்றைக்கு என்று குறித்துக்கொண்டிருந்தாள். அணி அப்போது எட்டாவது இடத்தில் கிடந்தது. "மே பத்தொன்பது மேல்பிரிவுக்குப் போறதுக்கான கடைசி ஆட்டம். அதைக் காலியா விடட்டுமா?" என்று கேட்டாள். சவீனோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"காலியா விடறதா? அடிப்பாவி! நாம அங்க வருவோம்னு கடவுளுக்கே சாடை காட்டுற மாதிரி ஆயிடுமே! போடு, அன்னிக்கே ஒரு கூட்டம் போடு. தூரமாப் போடு!"

அப்படித்தான் கலவேர்தேயிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி, மலை உச்சியில் ரோக்காலுங்கா என்ற ஊர் குறிக்கப்பட்டது. குறித்த மறுவாரமே அணி ஜெயிக்க ஆரம்பித்தது! மார்ச்சில் நான்காவது, ஏப்ரல் முடிவில் இரண்டாவது. முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு மேல்பிரிவுக்கு ஒரே ஓர் ஆட்டம் பாக்கி, அதுவும் கலவேர்தே மைதானத்திலேயே. கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எப்படி மாற்றுவது? குறித்ததனால்தானே ஜெயித்தார்கள்! இதை மிம்மாகூட மறுத்துப் பேசவில்லை. ருஜ்ஜேரோ மட்டும், "மச்சான், அன்னிக்கு உன் வாயில ஒரு ரொட்டியைத் திணிச்சிருக்கணும்" என்றார்.

பத்தொன்பதாம் தேதி நாலு மணிக்கு ரோக்காலுங்காவில் தோனாத்தோவின் காப்பிக்கடையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கலவேர்தேக்காரர் ஒருவரும் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியை கையைத் தூக்கி, "ஒரு கோலாவது பார்க்கணும்னு தோணினதே இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள். ஆறின காப்பி பதில் நாக்கு நுனியில் இருந்தது. சவீனோ அதை விழுங்கிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மிம்மா மைக்கைப் பிடுங்கினாள். "இன்னிக்குப் பார்க்கப்போறான். வேலியும் இல்ல, மெகாபோனும் இல்ல, இனிமே என்ன சாக்கு? டேய், சத்தியம் பண்ணு."

"சரி, பாக்குறேன். போட்டா பாக்குறேன். போடமாட்டானுங்க, நாலு வாங்குவானுங்க."

ஆசை அவருக்கு இருந்தது. நிறையவே இருந்தது. ஐம்பத்துநாலு வயதில், பந்து வலையில் போய் மோதுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று குழந்தை மாதிரி ஆசைப்பட்டார். அதற்குக் கலவேர்தேயில் அந்த வேலி ஆளில்லாமல் நிற்க வேண்டியிருந்தது.

ஐந்தரைக்கு ஆட்டம் தொடங்கியது. சவீனோ டிவிக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஓர் ஆட்டத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மைதானத்தில் ருஜ்ஜேரோ அறிவிப்பு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார், மிம்மா முதலுதவிப் பையோடு எதிர்ப்பக்கம் நிற்பாள், இரண்டும் சவீனோவின் முதுகுக்குப் பின்னால்.

"இதுல நம்ம மஸ்தோரியா எவன்?" என்றார் சவீனோ.

"ஒன்பது. அஞ்சு வருஷமா அவன் பேரைச் சொல்லிக் கத்துற, ஆளைத் தெரியாதா?" என்றாள் மிம்மா.

"கை குடுத்திருக்கேன். ஓடிப் பார்த்ததில்லையே. இவ்வளவு கோணலாவா ஓடுவான்?"

பத்து நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. டிவியில் படிக்கட்டுச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று, அங்கே முரசு அடிக்கும் மீன்கடை ஃபிலோமேனாவுக்குப் போன் போட்டார். அவள், "என்ன மாமா, உயிரோட இருக்கியா? உன் வேலியில ஒருத்தனும் ஏறமாட்டேங்குறான்" என்றுவிட்டுப் போனை சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு சவீனோவின் காதில் டம் டம் என்று முரசுதான்.

முப்பத்தொன்றாவது நிமிஷம் முரசு நின்றது. ஃபிலோமேனா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். டிவியில் எதிரணிக்காரன் அப்போதுதான் நடுக்கோட்டில் பந்தை வாங்கினான். சவீனோவுக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சரியாக இருபது விநாடி கழித்து டிவியில் எதிரணியின் கோல் விழுந்தது.

"இன்டர்நெட் டிவி அண்ணே. மலை மேல இல்ல? எல்லாம் கொஞ்சம் லேட்டாத்தான் ஏறி வரும்" என்றார் தோனாத்தோ.

ருஜ்ஜேரோ எரிந்து விழுந்தார். "உன் மூஞ்சியைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு! போனை வை, இல்ல மூஞ்சியை மூடு!"

சவீனோ போனை வைக்கவில்லை. இரண்டாம் இடத்தில் முடித்ததனால் சமனானாலே மேல்பிரிவு கலவேர்தேக்குத்தான். ஒரே ஒரு கோல் போதும். ஆனால் இடைவேளைக்குப் பிறகு காதில் முரசும் தளர்ந்துபோனது, பாட்டும் செத்துவிட்டது. இரண்டாயிரம் பேர் வாயடைத்து நிற்பது இருநூறு கிலோமீட்டர் தள்ளி அவருக்குத் தெரிந்தது.

எழுபதாவது நிமிஷம் எழுந்து நின்றார். "ஃபிலோமேனா! போனை மெகாபோன்ல வை! வைடீ!"

பிறகு ஓர் இழுப்பு மூச்சு இழுத்து, தோனாத்தோவின் கடை நடுவில் நின்று, அடித்தொண்டையிலிருந்து பாடினார். "கடலுக்குப் பொறந்தவனே, எங்கடா உன் சத்தம்..." கல்லா மேலிருந்த கரண்டிகள் அதிர்ந்தன. இரண்டாவது அடியில் ருஜ்ஜேரோ சேர்ந்துகொண்டார். ஆசிரியை கை தட்டினாள். ஊரும் அணியும் தெரியாத முப்பது மலைக்காரர்களும் மேஜையில் குத்த, தோனாத்தோ தாம்பாளத்தை எடுத்து அடித்தார். போனில் முதலில் ஒரு முரசு. பிறகு பத்துக் குரல். பிறகு இரைச்சல், ஒரே இரைச்சல்! இருபது விநாடி கழித்து டிவியிலிருந்தும் அது பொங்கி வந்தபோது மிம்மா எழுந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "பாடுறாங்கடா! டேய், பாடுறாங்க!"

மஸ்தோரியா கோல் கம்பத்தில் அடித்தான். எதிரணிக் கோல்கீப்பர் இரண்டு முறை பாய்ந்து தடுத்தான். தொண்ணூறு தாண்டியது. நடுவர் மூன்று நிமிஷம் கூட்டிக் கொடுத்தார். அதிலும் இரண்டு போய்விட்டது. சவீனோ நாற்காலி நுனிக்கு வந்து, கண்ணிமைக்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் காதோடு போன், மறுகை நாற்காலியின் இரும்புக் காலில். கலவேர்தேக்கு ஒரு கார்னர். பதினொன்றாம் நம்பர்க்காரன் பந்தை எடுக்க ஓடினான்.

"இதுதான் கடைசி" என்றார் ருஜ்ஜேரோ. குரலில் இழுப்பு இல்லை.

அப்போது போனில் முரசு நின்றது. அரை விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு காது கிழிகிற மாதிரி ஓர் அலறல், அதற்குள்ளிருந்து ஃபிலோமேனா: "போயிடுச்சு மாமா! நம்ம பந்து! உள்ள போயிடுச்சு!"

டிவியில் பதினொன்றாம் நம்பர்க்காரன் பந்தை இன்னும் மூலையில் வைத்து முடிக்கவில்லை.

சவீனோ போனை அணைத்துப் பைக்குள் போட்டார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. எழுந்தார்.

"எங்கடா எழுந்திருக்கிற? கார்னர்டா! பாக்குறேன்னு சத்தியம் பண்ணியே!" என்று மிம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினாள்.

"நீ பாரு" என்றார். நாற்காலியை ஓசைப்படாமல் தூக்கித் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, மிம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.